நடு ஊசி

டவுன்ஹால் ரோட்டிலிருந்து சந்துக்குள் திரும்பி
வளையல் கடை மாடிக்கு ஏறினால் என் கடை.
ஒன்பதாம் படி உடைந்திருக்கிறது, பார்த்து வரவும்.

கத்திரி வெயில் வெள்ளிக்கிழமை
ஜும்மா முடிந்து நேரே வந்தான் ஜைலானி.
கைக்குழந்தை மாதிரி நெஞ்சில் அணைத்த லேப்டாப்,
எழுத்துப் பலகையில் ஏழு நிறம் ஓடும் ரகம்.
"ஆறு மாசம் நல்லாத்தான்க்கா ஓடுச்சு.
இப்ப எதிரி கண்ணுல படும்போதுதான்
திரை நின்னுடுது.
திரும்ப வந்து பாத்தா
நான் செத்துக் கெடக்குறேன்."

நான் சிரிக்கவில்லை.
பதினெட்டுத் தவணையில் இன்னும் ஏழு பாக்கியாம்.

முதலில் சூட்டைச் சந்தேகப்பட்டேன்.
மதுரையில் எல்லாப் பழியும் முதலில் அதன் மேல்தான்.
பதினொரு திருகாணி கழற்றி மூடியைத் திறந்தால்
விசிறிக்குள்
பொம்மைக்குப் போடும் தலையணை அளவுக்குப் பஞ்சு.
"அத்தாவுக்கு மெத்தைக் கடைக்கா" என்றான்
காட்டிக்கொடுக்கிறவன் குரலில்.
துடைத்தேன். புதுப் பசை தடவினேன்.
அறுபத்தெட்டு டிகிரி, உடம்பு குளிர்ந்துவிட்டது,
வேகம் மட்டும் ஏறவில்லை.
நாலாயிரத்தில் ஓட வேண்டியது
எழுநூற்றுத் தொண்ணூறில் உட்கார்ந்திருந்தது
தாலுகா ஆபீஸ் பெஞ்சில் போல.

டிரைவரைத் துடைத்துப் புதிதாக ஏற்றினேன்.
ஒன்றையொன்று திருடன் என்று காட்டிக்கொண்டிருந்த
இரண்டு வைரஸ் தடுப்பானில் ஒன்றை அனுப்பிவைத்தேன்.
'உச்ச செயல்திறன்' என்று ஒரு பொத்தான் உண்டு,
அழுத்தினேன்.
அழுத்தியதாகக் காட்டியது. அவ்வளவுதான்.

நாலரைக்கு டீ வந்தது.
கிளாஸ் வைக்க இடம் பண்ணும்போது
கை பட்டு சார்ஜர் வயர் கழன்றது.
ஓடியது!
செருகினேன், படுத்தது.
பிடுங்கினேன், ஓடியது.
மூலையில் பேட்டரி நாற்பத்தொன்று,
செருகியிருந்தும் ஏறவில்லை என்பதை
மத்தியானத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது,
நான்தான் படிக்கவில்லை.

டார்ச் அடித்து, லென்ஸ் வைத்து
சார்ஜர் முனைக்குள் பார்த்தேன்.
மின்சாரம் வருவதெல்லாம் சுற்றுச் சுவரில்.
பத்தொன்பதரை வோல்ட், குறைவே இல்லை.
நடுவில் ஒரு ஊசி, தலைமுடி கனம்.
அது எதையும் சுமப்பதில்லை,
இன்ன கம்பெனி, இத்தனை வாட் என்று
பேர் மட்டும் சொல்லும்.
அது வளைந்திருந்தது.

பேர் சொல்லாமல் வரும் மின்சாரத்தை
இயந்திரம் வாங்கிக்கொள்ளும், நம்பாது.
பேட்டரியில் சேர்க்காது, ஓட விடாது,
உயிர் போகாத அளவுக்கு அனுமதிக்கும்.

காரியாபட்டியிலிருந்து நான் வந்த வருஷம்,
பைபாஸுக்கு உள்ளே ஒரு மாடி வீடு.
அட்வான்ஸை எண்ணிக் கையில் வைத்திருந்தேன்.
தண்ணீர் வரும் நேரமெல்லாம் சொல்லிவிட்டு
"ஊர்ல எந்தத் தெரும்மா?" என்றார் வீட்டுக்காரர்.
சொன்னேன்.
"ராத்திரி போன் பண்றேன்."
எந்த ராத்திரி என்று சொல்லவில்லை.

சால்டரிங் அயர்ன் சூடாகிவிட்டிருந்தது.

ஊசியை நிமிர்த்தப் போனேன், முறிந்தது.
என் தப்பு. அவனிடமே சொன்னேன்.
செத்த சார்ஜர்கள் கிடக்கும் டப்பாவைக் கொட்டி
அதே கம்பெனி முனை ஒன்றைத் தேடி அறுத்து
வெள்ளையோடு வெள்ளை, கறுப்போடு கறுப்பு,
நடுவே நூலாய் ஒரு நீலம்,
அதைச் சேர்க்கும்போது மட்டும் மூச்சை நிறுத்திக்கொண்டேன்.

நாற்பத்தொன்று நாற்பத்திரண்டானது.
விசிறி எழுந்து
வளையல் கடைக்காரர் அண்ணாந்து பார்க்கும் அளவுக்கு இரைந்தது.
"விளையாடிப் பாரு" என்றேன்.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.
எங்கும் நிற்கவில்லை. புகைகூட வழுக்கிக்கொண்டு போனது.
மூன்றாவது நிமிஷம் செத்தான்.
"இது லேப்டாப் இல்லக்கா," என்றான், "நான்."

நானூற்றைம்பது கொடுத்தான்.
போனில் போட்டுக்கொள்ளப் பேர் கேட்டான்.
அன்புக்கொடி என்றேன்.
தலையாட்டிக்கொண்டே தட்டினான்,
லேப்டாப் அக்கா.
ஒன்பதாம் படியை ஞாபகப்படுத்துவதற்குள்
இறங்கிப் போயிருந்தான்.