ஐந்து முடிச்சு

பெருக்கல் ஒன்று, வகுத்தல் ஒன்று.
இதற்கு மேல் கணக்கு எனக்குத் தெரியாது.
இவை இரண்டையும் வைத்துத்தான்
உலான்பாதரின் வடக்குச் சரிவில்
பதினொரு குளிர்காலமாக வயிறு கழுவுகிறேன்.

இன்று மைனஸ் முப்பத்தொன்று.
பேனா மை உறைந்துவிடும்; பென்சில்தான்.
கூடாரத்துக்குள் நான் குனிந்து நுழையும்போதே
தாம்தின் சந்தைக்காரியைத் திட்டிக்கொண்டிருந்தார்.
"இரண்டாயிரம் வாட் என்று போட்டிருக்கிறது, செவெல்மா.
தேநீர்க் கிண்ணத்தின் சூடுகூட இல்லை.
கரி அடுப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டு
இந்தத் தகரப் பொய்யை வாங்கினேன்."
இரண்டு முறை சண்டைக்குப் போய்வந்தாராம்.
மூன்றாவதுக்கு மச்சானையும் கூட்டிப்போக உத்தேசம்.

ஹீட்டர் பேசவில்லை.
சாயம் போன சிவப்பில்
தன்னால் ஆனதைச் செய்துகொண்டிருந்தது.

முனைகளில் மீட்டரை வைத்தேன்: நூற்று அறுபத்தெட்டு வோல்ட்.
கம்பியைக் கவ்விப் பார்த்தேன்: ஏழு ஆம்பியர்.
அது வந்த அட்டைப்பெட்டியையே கிழித்து
அதன் மேல் எழுதினேன்.
வகுத்தால் இருபத்து நான்கு ஓம்.
அது சுருளின் பிறவிக் குணம்.
இருநூற்றிருபது வோல்ட்டில் இரண்டாயிரம் வாட் தரும் சுருளுக்கும்
அதே இருபத்து நான்குதான், தசமம் போக.
சந்தைக்காரி பொய் சொல்லவில்லை.

பெருக்கினால்
ஆயிரத்து நூற்று எழுபத்தாறு வாட்.
இங்கேதான் இடிக்கிறது.
வந்து சேர்ந்ததை அது ஒளிக்காமல் சுட்டுத் தருகிறது.
வழியில் யாரோ கை வைக்கிறார்கள்.

"ஒத்கோன்!" என்றார் தாம்தின்.
வேலிக்கு அந்தப் பக்கத்தை முறைத்தார்.
"அவன் குடிவந்த நாள் முதலே எனக்குத் தெரியும்."

கம்பத்தில் ஏறினேன்.
அங்கே நூற்றுத் தொண்ணூற்றாறு வோல்ட்.
கம்பத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே
இருபத்தெட்டு தொலைந்திருக்கிறது.
ஏழால் வகுத்தேன்: நான்கு ஓம்.
ஏழால் பெருக்கினேன்: நூற்றுத் தொண்ணூற்றாறு வாட்.
(வோல்ட்டும் அதே எண், வாட்டும் அதே எண்.
தற்செயல்தான். நானும் ஒருமுறை திரும்பிப் போட்டுப் பார்த்தேன்.)

ஏணியிலிருந்து பார்க்கும்போதுதான் தெரிந்தது.
அறுபது மீட்டர் கம்பி நெடுகப் பனி,
ஐந்து இடத்தில் மட்டும் இல்லை.
ஐந்து இடத்திலும் முறுக்கிக் கட்டிய முடிச்சு:
தொலைபேசிக் கம்பியோடு அலுமினியம்,
அலுமினியத்தோடு பழைய சலவை இயந்திரத்தின் வால்.
ஒவ்வொரு முடிச்சையும் ஒட்டி
நெஞ்சு உப்பிய சிட்டுக்குருவிகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.
முடிச்சுக்கு ஏறக்குறைய நாற்பது வாட்.
தாம்தின் வீட்டுச் செலவில்.

"யார் முறுக்கியது?" கேட்டேன் மேலிருந்து.
அவர் தன் கையுறையைக் கவனமாகப் பார்த்தார்.
கதவுத் திரையை விலக்கி ஹூலான் தலை நீட்டினாள்.
"ஐந்தும் இவர்தான்!
அன்றைக்கு விசில் வேறு."

ஒரே கம்பி, தடித்த செம்பு, நடுவில் ஒட்டு இல்லை.
அரை ஓம்.
மீண்டும் கவ்வினேன்: எட்டு ஆம்பியர்.
கூடாரத்துக்குள் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வோல்ட்.
ஆயிரத்து ஐநூற்று முப்பத்தாறு வாட்.
இரண்டாயிரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.
சாயங்காலமானால் மலை முழுக்க
ஒரே நேரத்தில் கை நீட்டிக் குளிர்காய்கிறது;
அந்தக் குறை ட்ரான்ஸ்ஃபார்மரிடம்.
அதுவரைக்கும் என் பென்சில் எட்டாது.

சுருள் கண் திறந்ததுபோல் சிவந்தது.
தாம்தின் அட்டைத் துண்டை வாங்கி
நான்காய் மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார்.
சந்தைக்குப் போவாரா, போனால் என்ன சொல்வார்,
நான் கேட்கவில்லை.

கருவிகளைக் கட்டும்போது
குருவிகள் திரும்பி வந்தன.
புதுக் கம்பியில் உட்கார்ந்தன.
ஒரு காலைத் தூக்கின, மறு காலைத் தூக்கின.
அறுபது மீட்டருக்கும் சேர்த்து முப்பத்திரண்டு வாட்:
ஒரு குருவிக்கும் காணாது.
கூட்டமாக எழுந்து
வேலி தாண்டி
ஒத்கோன் கம்பியில் போய் இறங்கின,
இங்கே மூன்று, அங்கே நான்கு.

பென்சிலை எடுத்துக்
கையுறை மேலேயே குறித்துக்கொண்டேன்:
நாளைக்குப் பக்கத்து வீடு. இரண்டு முடிச்சு.