பதினேழாம் உருளை

சுவர் காய்ந்துவிட்டது என்கிறார்கள்.
சிமெண்ட் காய்வதில்லை, குடிக்கிறது.
ஊற்றிய தண்ணீரைத் தன் உடம்பாக்கிக்கொண்டு
இறுகுகிறது.
இருபத்தெட்டாம் நாள் உடைத்துப் பார்த்து
நாங்கள் மதிப்பெண் போட்டுவிடுகிறோம்.
அது அப்புறமும்
யாரும் பார்க்காத நேரத்தில் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஹாஃப்னர்ஃபியோர்துரில் ஒரு வீடு.
மழை அடிக்கும் சுவரில் மட்டும்
பழைய பீங்கான் தட்டின் மெருகுபோல
விரிசல்மேல் விரிசல்.
வைரப்பல் துரப்பணத்தை இறக்கி
ஒரு சாண் உருளை எடுத்தேன்.
சீட்டில் எழுதினேன்:
எண் பதினேழு. கட்டியது 1968.
உரிமையாளர் ஹால்ஃபிரெதுர்.

அறுத்து, கண்ணாடியில் ஒட்டி,
முப்பது மைக்ரானுக்குத் தேய்த்தால்
கல்லுக்குள்ளும் வெளிச்சம் நுழையும்.
மொச்சை அளவில் ஓர் எரிமலைக் கல்,
அதைச் சுற்றிக் கறுத்த வளையம்.
சிமெண்டின் காரம்
கல்லைக் கரைத்துக் கூழாக்கியிருந்தது.
கூழுக்குத் தாகம்.
மழைக்கு மழை ஒரு வாய்.
குடித்தது உப்பும். உப்ப இடமில்லை.
இடம் உண்டாக்கிக்கொள்ளும்.

பார்க்க வந்தவர்
நுண்ணோக்கியை விட்டுவிட்டு உருளையை எடுத்தார்.
எச்சில் தொட்ட கட்டைவிரலால்
கல்லைத் தடவி,
"இது எங்கள் கப்பல்" என்றார்.

கடலடியை உறிஞ்சி ஜல்லி எடுத்த கப்பலாம்.
அந்தக் கோடை முழுக்க
குழாயடியில் நின்றவர் இவர்.
மீந்த சரளையை
ஞாயிறுதோறும் பாதி விலைக்கு வீட்டுக்கு ஏற்றியிருக்கிறார்.

"கழுவினீர்களா?"
"நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?
என் மனைவி சிப்பியைப் பொறுக்கினாள்.
ஒன்று விடாமல்.
சிப்பிதான் கெடுதல் என்றார்கள்."

சிப்பி ஒன்றும் செய்திருக்காது.
அதை நான் சொல்லவில்லை.

"நிறுத்த முடியுமா, ஸ்டெயின்வோர்?"
"முடியாது. பட்டினி போடலாம்.
மழைப் பக்கம் நெளிதகடு அடியுங்கள்.
பின்னால் காற்று ஓட ஓரங்குலம் விடுங்கள்.
சுவர் உலர்ந்தால் கூழ் சும்மா கிடக்கும்."
"செத்துவிடுமா?"
"சும்மா கிடக்கும்."

அறிக்கை ஒன்றரைப் பக்கம் வந்தது.
மீந்த பாதி உருளையைக் கேட்டார்.
விதிப்படி தரக்கூடாது.
தந்தேன்.

வெளியே மழை படுக்கைவாட்டில் அடித்தது.
வாசலில் நின்று
கம்பளித் தொப்பியைக் கழற்றினார்,
அந்தத் துண்டுக்கு அதை மாட்டினார்,
கோட்டுக்குள் வைத்துப் பொத்தானிட்டு
வெறுந்தலையோடு
பேருந்தைப் பிடிக்க ஓடினார்.