உள்ளூர்ப் பெயர்

டீ இல்லாமல் இருபது கப் கேட்டேன்.
அத்திப்பட்டு கேட் கடைக்காரர்
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
எண்ணாமல் எடுத்துக் கொடுத்தார்.
இருபத்திமூன்று இருந்தது.

உயரழுத்தக் கம்பிகளுக்குக் கீழே
யாரும் வீடு கட்டக்கூடாத அகலத்துக்கு
நீண்டு கிடக்கிறது புல்.
அந்தப் பக்கம் கன்டெய்னர் யார்டு,
இந்தப் பக்கம் சாம்பல் குட்டை.
கப்பின் விளிம்பு தரையோடு தரையாக வேண்டும்,
ஒரு நூல் தூக்கினாலும் சுற்றிக்கொண்டு போய்விடும்.
இருட்டும்வரை புதைத்தேன்.

"இன்னா மேடம், துட்டு எதுனா வுட்டுட்டியா?"
யார்டு காவலர் இஸ்ரவேல்.
என் டார்ச்சை அவர் புருவத்தோரம் பிடிக்கச் சொன்னேன்.
புல் முழுக்க வெள்ளைப் பொட்டுகள்.
அது பனி, தலையை அசைங்க.
அசைத்தார்.
பனி அணைந்தது.
பச்சைப் பொட்டு அணையவில்லை.
ஒன்று, அதற்கப்பால் இரண்டு,
அதற்கப்பால் வேலி வரைக்கும்
தரையிலிருந்து எங்களையே பார்த்தபடி.
"அய்ய" என்றார், "இத்தினி பேரா?
பதினோரு வருசமா நான் மட்டும்தான் நைட்டுன்னு இருந்தேன்."

குனிந்தோம்.
சுண்டுவிரல் நகம் அளவு.
காய்ந்த புல்லின் நிறமா, படிந்த சாம்பலின் நிறமா,
ஊதிப் பார்த்தும் தெரியவில்லை.
வலை கிடையாது இதற்கு.
இருக்கும் நூலையெல்லாம் முட்டைக்குச் சுற்றிவிட்டு
ஓடித்தான் பிடித்துத் தின்னும்.
முதுகில் நாற்பதோ ஐம்பதோ குஞ்சுகள்.
"மீஞ்சூர் ஷேர் ஆட்டோ" என்றார் இஸ்ரவேல்.
ஒரு குஞ்சு விழுந்தது. அது நின்றது.
அதற்காகத்தான் நின்றதா, தெரியாது.
காலைப் பிடித்து ஏறியதும் போனது.

படிவத்தில் அறிவியல் பெயருக்கான கட்டத்தில்
பேரினம் மட்டும் எழுதி
ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.
படம் பார்த்த நிபுணர்
'ஆண் ஒன்று கிடைக்குமா' என்று மட்டும் கேட்டிருந்தார்.
அடுத்த கட்டம், உள்ளூர்ப் பெயர்.
ஊரைக் கேட்டேன்.
ஆடு ஓட்டிவந்த செங்கேணி: பூச்சி.
பந்து தேடிய பையன்: பூச்சிக்கா.
லாரிக்கடியில் படுத்திருந்த ஒடிசாக்காரர்
சிரித்தபடி அவர் மொழியில் ஏதோ சொன்னார்.
அதுவும் பூச்சியாகத்தான் இருக்கும்.

மூன்று நாள் மேல்காற்று.
நான்காம் காலை கப்புகளைக் காணோம்.
தேடித் தோண்டினால்
எல்லாவற்றிலும் சாம்பல், விளிம்பு மட்டத்துக்கு.
ஒன்பதாவதில் மட்டும்
சாம்பலின் மேலேறி நடந்து
புல்லுக்குள் போன
சின்னச் சின்னப் புள்ளிகள்.

ஆபீஸிலிருந்து போன்.
"ஒண்ணும் சிக்கலைன்னா நில்-னு போட்டுடலாமே?"
நாளைக்குச் சொல்றேன் என்றேன்.

ராத்திரி ரெண்டரைக்கு இஸ்ரவேல்:
"மேடம், எண்ணேன்.
முந்நூத்திப் பன்னெண்டு.
அப்பால கேட்டுக்கு வண்டி வந்துடுச்சு."

எண்ணிக்கைக் கட்டத்தில்
அப்படியே எழுதினேன்,
வண்டி வந்ததையும் சேர்த்து.