சாயக்காரி வீட்டுப் பூனை

சிங்கத்தை நான் பார்த்ததில்லை.
இந்தச் சேற்றுநிலத்தில், ஹோம்வித் ஊரில்,
யாருமே பார்த்ததில்லை.
காரியக்காரர் விரலை வளைத்துக் காட்டினார்:
"நகம் இப்படி. நாக்கு சிவப்பு.
நடந்தபடியே முகத்தை நம் பக்கம் திருப்பியிருக்கும்."
சாயக்காரி அவிஸ் வீட்டுக் கூரைமேல்
அப்படித்தான் ஒன்று நடந்துகொண்டிருந்தது.
அதையே வரைந்தேன், மூன்று தடவை.
பொன்தகட்டுக்குக் காசு தரவில்லை;
மஞ்சள் மண்ணை முட்டைக்கருவில் குழைத்தேன்.

பெட்டி ஓக் மரம்.
நாலு பேர் தூக்கி வந்து
நாற்பது பேர் அளவுக்குத் திட்டினார்கள்.
முகப்பில் ஐந்து கேடயம், ஐந்து பிரபு.
ராவன்பிக்குச் சிங்கங்கள். மால்ஃபெட்டுக்குச் சிப்பிகள்.
கடனில் மூழ்கிய டர்வில் வீட்டுக்கு
நீலத்தில் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை,
அரை நாளில் முடிந்தது.

உள்ளே ஆட்டுத்தோல் ஏடுகள்:
எந்தக் குடி எந்தப் பிரபுவுக்கு
வருஷத்துக்கு எத்தனை விலாங்கு தரவேண்டும் என்று.
மூன்று பூட்டு, மூன்று சாவி.
பாதிரியார் ஓஸ்பெர்ட்டிடம் ஒன்று, காரியக்காரரிடம் ஒன்று,
ஆலைக்காரன் தர்ஸ்டனிடம் ஒன்று.
ஒருவரை ஒருவர் நம்பாத மூவர்
சேர்ந்து நின்றால்தான் திறக்கும்.

அந்தக் குளிரில் பனிக்கட்டி உடைந்து
தர்ஸ்டன் வாய்க்காலுக்குள் போனான்.
உடல் கிடைத்தது.
இடுப்புக் கயிறு கிடைக்கவில்லை.

விலாங்கு எண்ணும் நாளில் எல்லோருக்கும் மறதி.
"எங்க அப்பா நாற்பது கொடுத்ததா ஞாபகம்."
"நானூறு!" என்றார் காரியக்காரர்.
"ஏட்டைப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள் அவிஸ்,
முழங்கைவரை நீலத்தோடு.
அடுத்த வருஷமும் இதே பேச்சு.
அதற்கடுத்த வருஷம் எங்கள் உத்தரங்களில்
புகைபோட்ட விலாங்குகள் தொங்கின.
பிள்ளைகள் கன்னம் வைத்தார்கள்.
(சாவி முதல் கோடையிலேயே
ஒரு மீன்கூடையில் ஏறி வந்தது.
எடுத்தவனை எனக்குத் தெரியும்.
திரும்ப வாய்க்காலில் போட்டதும் தெரியும்.)

கோடரி வந்தது.
ஓங்கியவன் அப்படியே நின்றான்.
எங்கே வெட்டினாலும் ஒரு பிரபு.
கேடயத்தில் விழுந்தால் அந்த வீட்டின்மேல் விழுந்த வெட்டு;
கை போய்விடும்.
எவர் இளைத்தவர் என்று
காரியக்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.
டர்வில் பட்டையில் கொஞ்ச நேரம் விரல் நின்றது.
பிறகு சொன்னார்: "பின்பக்கம் திருப்பு."

பின்பக்கத்துக்கு நான் வண்ணம் பூசவில்லை,
யாரும் கேட்கவில்லை.
அங்கே அது வெறும் மரம்.
கீல் ஆணிகளைப் பிடுங்க ஒரு மத்தியானம் ஆனது.

மூடி எழுந்தது.
பஞ்சுபோல் ஒரு குவியல்.
அடிப்பலகை மூலையில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.
கண் திறக்காத எலிக்குஞ்சுகள் ஏழு
மால்ஃபெட்டின் புல்வெளிகளுக்கும்
ராவன்பியின் ஆயிரத்து இருநூறு விலாங்குக்கும் நடுவில்
கதகதப்பாகப் படுத்திருந்தன.
ஒரு துண்டை ஓஸ்பெர்ட் வெளிச்சத்தில் பிடித்தார்:
"அவன் வாரிசுகளும் என்றென்றைக்கும்"
அதற்குமேல் தோல் இல்லை.

காரியக்காரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.
"உன் சிங்கங்கள் என்ன செய்துகொண்டிருந்தன?"
"கூலி பாக்கி, ஐயா."
அவிஸ் சிரித்துவிட்டாள்.
கோயிலுக்குள் சிரித்ததற்கு ஒரு பென்னி அபராதம்.

இப்போது அதில் மெழுகுவர்த்தி வைக்கிறார்கள்,
பூட்டுவதில்லை.
ஞாயிறுகளில் நான் தூணோரம் நின்று பார்ப்பேன்.
நடுச் சிங்கத்துக்கு இடது காது கிழிந்திருக்கும்.
பூனைக்கு அப்படித்தான் இருந்தது.
ராவன்பி வீட்டில் இதுவரை யாரும்
அது ஏன் என்று கேட்கவில்லை.