அசையாச் சொத்து

படிவத்தின் மூன்றாம் பக்கம்.
இடைநின்ற காரணத்துக்கு
அரை வரிதான் விட்டிருக்கிறார்கள்.
'படகு' என்று எழுதினேன்.
இடம் மிச்சமிருந்தது.

ஆண்டு வருமானம்?
தடைக்காலத்தில் சுழி.
நண்டுக் கம்பெனியில் சதை எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு,
காற்றடித்தால் அதுவும் இல்லை.
"குத்துமதிப்பா ஒண்ணு சொல்லும்மா"
என்றார் வருவாய் ஆய்வாளர்.
டீ ஆறுமுன்
எழுபத்திரண்டாயிரம் என்று முடிவானது.

அசையாச் சொத்து உண்டா?
உண்டு சார்.
காரைநகர்த் துறையில் நாலு வருசமாக
அசையாமல்தான் நிற்கிறது.
அணியத்தில் அப்பா எழுதிய என் பெயரைப்
பாசி தின்றிருக்கும்.
அவர் சிரிக்கவில்லை,
'இல்லை' என்று நிரப்பச் சொன்னார்.

இருபத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாதாம்.
அக்டோபர் ஒன்பதில் நிறைகிறேன்.
என் பிறந்தநாளை இத்தனை கவனமாக
யாரும் கேட்டதில்லை.

கேட்டதில் பாதி வந்தது.
பழைய கட்டணப் பாக்கிக்குக் கம்பெனிச் சீட்டு.
ரெஜினாக்காவுக்கும் அந்த மாதம் பணம் வேண்டும்,
கூரைத் தகரம் ஒழுகுகிறது.
ஆயிரத்து எண்ணூறு வரை தள்ளிக் கேட்டவள்
சட்டென்று நிறுத்தி
அடுத்த நண்டைப் பிளந்தாள்.
"அரியர் வச்சே, வட்டியோட வாங்குவேன் பாத்துக்க."

மண்டபத்தில் ஆறே முக்கால் பஸ்.
உச்சிப்புளி தாண்டியதும்
விரல்களை முகர்ந்து பார்த்தேன்.
எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை.

வகுப்பு வாசலில் பேராசிரியை
"யாரைப் பாக்கணும்?" என்றார்.
அவர் கையிலிருந்த வருகைப்பதிவேட்டைக் காட்டினேன்.
அச்சடித்த நாற்பத்தொரு பெயர்களுக்குக் கீழே
பேனாவால்
ஜெசிந்தா. அ.
முழு வரி.