மணிப் பந்து

கோட்டுக்கு ஒட்டிய நாடாவின் அடியில் ஒரு நூல் ஓடும்.
அதைத் தடவித்தான் எங்கே நிற்கிறேன் என்று அறிவேன்.
வெண்கலத்துக்கான ஆட்டம்.
எண்ணூறு பேர் சேர்ந்து பேசாமல் இருந்தார்கள்;
யாரோ இருமலை விழுங்கியதுகூடக் கேட்டது.

அரைப் பார்வை உள்ள அவுஷ்ரினேவுக்கும்
எனக்கும் ஒரே கறுப்புக் கண்மூடி.
"இதைக் கட்டினால்தான் நீயும் நானும் சரிசமம்" என்பாள்,
கட்டும்போதெல்லாம்.

கடைசி எட்டு நொடி.
மணி இடப்பக்கம் என்றது. விழுந்தேன்.
பந்து கால்நுனியை உரசிக்கொண்டு உள்ளே போனது.
பிறகுதான் அரங்கம் வாய் திறந்தது,
பிரேசிலுக்காக.

வில்னியுஸில் மழை.
வரவேற்க வந்தது மூன்று பேர்,
அதில் ஒருவர் பஸ் ஓட்டுநர்.
யாரும் யாரோடும் பேசவில்லை. டோமிலே மட்டும்
ரொட்டியை உறை சரசரக்கப் பிரித்துத் தின்றாள்.

கௌனஸ் சாலை வளைவில்
மேல்தட்டுப் பை அவிழ்ந்து
இருக்கைகளுக்கு நடுவே
மணியோடு உருண்டது பந்து.

ஈரக் கோட்டும் ரொட்டியுமாக
ஆறு பேரும் ஒரே பக்கம் பாய்ந்தோம்.
யாருடைய முழங்கையோ என் பல்லில் இடித்தது.

என் கால்நுனியில் வந்து நின்றது.

"கோல் இல்லை" என்றாள் அவுஷ்ரினே, தரையிலிருந்து.
பின்னால் என்ன சத்தம் என்று
ஓட்டுநர் இரண்டு முறை கேட்டார்.