படுத்திருக்கும் உருளை

பவுசர் ஓடுறன் நான். பிரதேச சபையின்ர பவுசர்,
ஐயாயிரம் லீற்றர், நீலம், பின்பக்கம் ஒரு நெளிவு.
ஆனி முடிய மல்லாவிப் பக்கம் கிணறெல்லாம் சேறு காட்டும்.
எங்கட யூனிற்றில அஞ்சு ஒழுங்கை.
மேல் மூடியைத் திறந்து கோலை விடுவன்:
அஞ்சு பங்கு, முப்பது முப்பது சென்ரிமீற்றர்,
சிவப்புப் பெயின்ரில நானே அடிச்ச கோடு.
ஒழுங்கைக்கு ஒரு பங்கு.
இதுக்குள்ள என்ன கணக்கு எண்டு இருந்தவன்.

யதுர்சிகா எட்டாம் வகுப்பு.
கணக்குப் பாடத்தில அவளுக்கு வேலை
மற்றப் பிள்ளையளின்ர கொப்பியைச் சேத்துக்கொண்டு வாறது.
சுகிர்தன் சேர், வவுனியாவில இருந்து முதல் பஸ்ஸில வாற மனுசன்,
பத்தாம் வகுப்புப் புத்தகம் குடுத்தார்.
மாசி முடிய முதலே திரும்பி வந்திட்டுது.
பழைய வினாத்தாள் ஒரு கட்டுக் குடுத்தார்.
அதுவும்.
ஒருநாள் கேற்றடியில என்னை மறிச்சு
"என்னட்டை இருந்தது முடிஞ்சுது அண்ணை" எண்டார்,
கடைக்காரன் சீனி முடிஞ்சுது எண்டு சொல்லுற மாதிரி.

வகுப்பில உருளை நிமிந்துதான் நிக்கும்.
அடியின் பரப்புத் தர உயரம். விடை. கீழ இரட்டைக் கோடு.
என்ர உருளை படுத்திருக்கு.
ஒரு சனிக்கிழமை அதின்ர முதுகில ஏறியிருந்து கேட்டாள்:
"அப்பா, அடியில முப்பது சென்ரிமீற்றரும்
நடுவில முப்பது சென்ரிமீற்றரும்
ஒரே தண்ணியோ?"
கோல் பொய் சொல்லாது பிள்ளை எண்டன்.
இறங்கிப் போட்டாள்.

சதுரக் கொப்பியில ஒரு வட்டம்,
பத்துச் சதுரம் ஆரை.
நாலு சதுரத்துக்கு ஒரு கிடைக்கோடு.
சூத்திரம் தெரியாது, எண்ணினாள்.
முழுச் சதுரத்துக்குப் புள்ளி.
விளிம்பில வெட்டுப்பட்டதுகளைச் சோடி சேத்து ஒரு புள்ளி.
மூண்டு இரவு, கரண்ட் போன இரவிலயும்.

நாப்பத்தஞ்சு, எழுபத்துமூண்டு, எழுபத்தொன்பது,
எழுபத்துமூண்டு, நாப்பத்தஞ்சு.

கொப்பியை என்ர பக்கம் திருப்பி வைச்சாள்.
எனக்கு எண் தெரியேல்லை, ஒழுங்கை தெரிஞ்சுது.
கடைசி ஒழுங்கையில தவமலர் அக்கா
வெறுங்குடத்தைத் தட்டிக் காட்டின சத்தம்:
"எங்களுக்கு எப்பவும் குறையத்தான்."
கோலை நீட்டி நான் ஏசினது.
முதலாம் ஒழுங்கைச் சனம் ஒண்டும் கதைச்சதில்லை.
நிரம்பின பவுசரைக் கண்டவை
குறையுமெண்டு நினைப்பினமே?
ஆயிரம் எண்டு புத்தகத்தில எழுதி
ரண்டு தொங்கலுக்கும் எழுநூற்றுப் பத்து.
நடு ஒழுங்கைக்கு ஆயிரத்து இருநூற்று அறுபது.

எங்கட வீடு நடு ஒழுங்கையில.
அதை அவள் சொல்லேல்லை.
எழுபத்தொன்பதுக்குப் பக்கத்தில
பென்சிலால ஒரு சின்ன வீடு கீறியிருந்தாள்.

பிறகு கணக்கு மறுபக்கமாத் திரும்பிச்சுது:
பங்கு சமன், அப்ப கோடு எங்க?
கோட்டை அசைச்சு எண்ணி, அழிச்சு, அசைச்சு,
ரண்டாம் தவணை லீவு முழுக்க றப்பர் தூள்.
சேரிட்டைப் போனில கேட்டாள்.
"நானும் எழுதிப் பாக்கோணும்" எண்டவர்
ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு படம் அனுப்பினார்.
அதில ஒரு பிழை.
அவளே திருத்தி அனுப்ப, கைகூப்பின படம் ஒண்டு வந்துது.

முப்பத்தெட்டு, இருபத்தஞ்சு, இருபத்துநாலு,
இருபத்தஞ்சு, முப்பத்தெட்டு.
பழைய சிவப்பைச் சுரண்டிப்போட்டு அடிச்சன்.
பாத்தால் குடிகாரன் போட்ட கோடு மாதிரி.

முதல் நாளே நடு ஒழுங்கையில சண்டை.
முன்னுக்கு நிண்டது என்ர மனுசி.
"ரண்டு குடம் குறையுது, என்ன கள்ளக்கோல் இது?"
உன்ர மகளைக் கேள் எண்டன்.

மகள் அங்க இல்லை.
குளக்கட்டு இறக்கத்தில நிண்ட பவுசரின்ர
பின்சில்லுக்குக் கிட்டக் குந்தியிருந்து
தலையைச் சரிச்சுப் பாத்துக்கொண்டு,
"அப்பா, இது சரிஞ்செல்லோ நிக்குது?"

கையில புதுக் கொப்பி.
எனக்கு மூடி திறக்கவே பயமாக் கிடந்துது.